பின்தோட்டத்துக்குச் செயற்கைப் புல்லா, இயற்கைப் புல்லா, பொடுதலையா?

செயற்கைப் புல் என்று பேச்சு எடுத்ததுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அது பச்சை பிளாஸ்டிக். இன்னொரு கட்சிக்கு வெட்ட வேண்டாத, மழையில் சேறாகாத, பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் விளையாடக்கூடிய தரை. இரு தரப்பு சொல்வதும் உண்மைதான். ஆனால் தோட்டத்தின் எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்க்காமல் இதில் முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நீர்ச் செலவு, பராமரிப்பு, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

செயற்கைப் புல் உலகப் புகழ் பெற்றதே வெளிச்சம் போதாத ஓர் இடத்தில்தான். 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட விளையாட்டரங்கம் திறக்கப்பட்டபோது உள்ளே வளர்ந்தது இயற்கைப் புல். ஒளி புகும் கூரையின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களின் கண்ணுக்கு உயரே வந்த பந்து தெரியவில்லை. கூரைக்கு வெள்ளை அடித்தார்கள், புல் செத்தது. 1966-ல் அங்கே நைலான் புல்லை விரித்தார்கள், ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரும் அந்த அரங்கத்திலிருந்தே வந்தது. இன்றைக்கும் செயற்கைப் புல்லின் உண்மையான பலம் நிழல்தான். உயர்ந்த சுவருக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கும் ஒடுக்கமான துண்டு நிலத்தில் எந்தப் புல்லும் தழைக்காது. அங்கே அதற்குப் போட்டியே இல்லை.

திறந்த வெயிலில் கதை மாறிவிடும். இயற்கைப் புல் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி இல்லை, வாங்கிய வெப்பத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கோடை நடுப்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தவழும் குழந்தையின் முழங்காலும் நாயின் பாதமும் தாங்கும் சூடு அல்ல அது. தண்ணீர் தெளித்தால் குளிரும், ஆனால் ஈரம் காய்ந்ததும் மறுபடி ஏறிவிடும். அப்படித் தினமும் தெளிக்க வேண்டிய தோட்டத்தில் ‘தண்ணீர் மிச்சம்’ என்ற வாதமும் பாதி கரைந்துபோகிறது. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி எதிரே இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: அதிலிருந்து குவிந்து பிரதிபலிக்கும் ஒளி சில இடங்களில் இழைகளை உருக்கியே விடும். கனலும் அடுப்புக் கரியின் ஒரு துண்டு விழுந்தாலும் அந்தத் தழும்பு தானாக ஆறாது. அந்த இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டியதுதான்.

இயற்கைப் புல்லுக்கு இதே வெயில்தான் உணவு. வெப்ப நிலங்களின் புல்தரைகளில் பரவலாக வளர்க்கப்படுவது பெர்முடா கிராஸ், அதாவது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும். அதற்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். குறைந்தால் மெலிந்து, இடைவெளி விட்டு, மண் தெரிய ஆரம்பிக்கும். பந்து விளையாடும் இடத்தில் வழுக்கை விழும் என்பதும் உண்மை. ஆனால் பக்கத்திலிருந்து ஓடுதண்டு வந்து அதை மூடிக்கொள்ளும், அல்லது நாமே நாலு கணுக்களைப் பிடுங்கி நட்டுவிடலாம். தேய்ந்த பிளாஸ்டிக் புல் மறுபடி வளராது. நான் இயற்கைப் புல்லின் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம், காயம் தானே ஆறிக்கொள்ளும் இந்தத் தன்மைதான்.

வேலைக் கணக்கில் செயற்கைப் புல் ஜெயிக்கும், ஆனால் விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. சருகை வாரவேண்டும், வாராவிட்டால் மக்கி இழைகளுக்கு நடுவே மண்ணாகி, அதில் களை முளைக்கும். நிழலில் பாசி பிடிக்கும். நடந்து நடந்து படுத்துப்போன இழைகளை விறைப்பான தும்புள்ள துடைப்பத்தால் எதிர்த்திசையில் வாரி நிமிர்த்த வேண்டும். நாய் இருக்கும் வீட்டில் சிறுநீர் வாடை பெரிய தலைவலி. மழை பெய்யாத மாதங்களில் அடித்தளத்திலேயே தேங்கி அமோனியா நெடி எழும், அடிக்கடி அலசித்தான் ஆகவேண்டும். இயற்கைப் புல்லிலும் நாய் சிறுநீர் கழித்த இடம் நைட்ரஜன் மிகுதியால் கருகும், ஆனால் வாடையை மண் தின்றுவிடும். மற்றபடி இயற்கைப் புல்லுக்கு வளரும் பருவத்தில் வாரம் ஒரு வெட்டு, ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருப்பது, மழையில்லாத வாரத்தில் சுமார் 25 மி.மீ. அளவுக்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

செயற்கைப் புல்தான் என்று முடிவாகிவிட்டால், செலவையும் கவனத்தையும் புல்லைவிட அதன் அடியில் போடுங்கள். கெட்டுப்போன தரைகளில் பெரும்பாலானவை அடித்தளத்தில்தான் கெடுகின்றன. மேல்மண்ணை 75 முதல் 100 மி.மீ. வரை வெட்டி எடுக்க வேண்டும். ஜல்லியைப் பரப்பி அதிர்வுத் தகடு கொண்டு இறுக்க வேண்டும். அதன் மேல் கல்தூளோ பருமணலோ இட்டு, மட்டப்பலகை வைத்துச் சமன்செய்து, களைத் தடுப்புத் துணி விரிக்க வேண்டும். நீர் வீட்டுப் பக்கம் வராதபடி வாட்டம் இருக்க வேண்டும். கைக்குச் சமமாகப் பட்டாலும் வாட்டம் தப்பினால் முதல் பெருமழையிலேயே குளம் கட்டும். இரண்டு சுருளை இணைக்கும்போது இழைகள் ஒரே திசையில் சாய வேண்டும், இல்லாவிட்டால் நிறம் இரண்டாகத் தெரியும். இழை உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நெருக்கமான 30 மி.மீ. புல், அடர்த்தி குறைந்த 40 மி.மீ. புல்லைவிடச் சீக்கிரம் நிமிரும். பாலிஎத்திலீன் மென்மையானது, நைலான் விறைப்பானது, பாலிபுரொப்பிலீன் விலை மலிவு, ஆனால் சீக்கிரம் படுத்துவிடும்.

இப்படி இறுக்கிய தரைக்குக் கீழே மண்புழுவுக்கும் அதைத் தேடி வரும் பறவைக்கும் ஒன்றும் மிஞ்சாது. பெரிய மரத்தின் அடியில் இதைச் செய்யவே கூடாது. மேல்மண்ணைத் தோண்டும்போது மேலோட்டமாக ஓடி நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்கள் அறுந்துபோகும், இறுக்கம் காற்றையும் தடுக்கும்.

எடுத்துப்போடும் காலத்தையும் யோசிக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் செயற்கைப் புல்லுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள். இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொன்று, பசை மூன்றாவது என்று ஒட்டிக் கிடப்பதால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம், பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போகிறது. வெயில் பட்டு முறியும் இழைத்துணுக்குகள் நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் சேர்கின்றன. விளையாட்டு மைதானங்களில் இழைகளுக்கு நடுவே நிரப்பும் ரப்பர் குருணைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்து, மாறிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. வீட்டுக்குக் குருணை வேண்டியதில்லை, சலித்த சிலிக்கா மணல் போதும்.

மூன்றாவது வழியை ஏனோ பலரும் பரிசீலிப்பதில்லை. பொடுதலை தரையோடு தரையாகப் படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், வறட்சி தாங்கும், நடந்தால் மசியாது. அதிலிருந்து விதை பிடிக்காதபடி உருவாக்கிய குராபியா என்ற ரகம் புல்தரைக்கு மாற்றாகவே விற்கப்படுகிறது. குளிர்ந்த இடங்களில் வெள்ளை க்ளோவர் என்ற மூவிலைப் படர்செடி உண்டு. அது வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களின் துணையோடு காற்று நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்வதால் உரம் கேட்காது. இரண்டிலும் முக்கியக் குறை இதுதான்: பூக்கும், தேனீ வரும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்குக் கொட்டு விழலாம். பூக்கும் வாரங்களில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் சமாளிக்கலாம். தினமும் பந்தாட்டம் என்றால் இவை தாங்காது. பொடுதலையைக் காட்டுவகையாக நடுவதற்கு முன், உங்கள் பகுதியில் அது களையாகப் பரவுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வெள்ளச் சமவெளிகளில் அதன் நெருங்கிய உறவான லிப்பியா என்ற செடி பெரும் தொல்லை.

ஊஞ்சலும் ஏறுசட்டமும் வைக்கும் இடத்துக்கு இந்த மூன்றுமே போதாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். இறுக்கிய ஜல்லி மேல் விரித்த செயற்கைப் புல், தனியாக அதிர்வு தாங்கும் மெத்தை இல்லாமல், தலை மோதும் வேகத்தைக் குறைக்காது. இயற்கைப் புல்லும் காய்ந்த மண்ணும்கூடப் பாதுகாப்பான தளமாகக் கருதப்படுவதில்லை. அங்கே 23 செ.மீ. ஆழத்துக்கு மரச்சீவலைக் கொட்டி, குறையக் குறைய நிரப்பிவாருங்கள்.

ஆகவே ஒரே தோட்டத்துக்கு ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை. நிழல் துண்டுக்குச் செயற்கைப் புல், வெயில் விழும் விளையாட்டிடத்துக்கு அருகு, மிதி குறைந்த ஓரங்களுக்குப் பொடுதலை என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யும். எதை வாங்கும் முன்பும் ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெயில் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். செயற்கைப் புல்லின் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நீங்கள் விரிக்க நினைக்கும் அதே இடத்தில் நடுப்பகலில் ஒரு மணி நேரம் கிடத்திவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் அந்த இடத்தில் அதை விரிக்காதீர்கள்.