பிஓசி படிவம்: கனடாவில் அகதிக் கோரிக்கையை எழுதும் தாள் எப்படி இருக்கிறது?

‘இவர் உண்மையான அகதியா, உழைக்க வந்தவரா?’ ரொறன்ரோவில் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது இதைக் கிளப்பிவிடுவார்கள். பிஓசி படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினாலும் இந்தக் கேள்வி வராது. படிவத்துக்கு முதல் புள்ளி அதற்காகவே.

‘பேசிஸ் ஆஃப் கிளெய்ம்’, அதாவது கோரிக்கையின் அடிப்படை, என்பதன் சுருக்கம் பிஓசி. பழைய பிஐஎஃப் படிவத்தை ஒதுக்கிவிட்டு 2012 டிசம்பரில் வந்தது. அகதிக் கோரிக்கைகளுக்கு முடிவு சொல்லும் குடிவரவு அகதிகள் சபை இதை இலவசமாகத் தருகிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நிரப்ப வேண்டும். குடும்பத்தில் ஆளுக்கொரு படிவம்.

கோரிக்கை வைத்த எவரும் முடிவு வரும்வரை புகலிடக் கோரிக்கையாளர்தான். இடையில் வேலை பெர்மிட் எடுத்து வேலைக்குப் போனாலும் அதில் மாற்றமில்லை. சபை பார்ப்பது குடிவரவுச் சட்டத்தின் 96, 97 ஆகிய இரண்டு பிரிவுகளை. 96இன்படி இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறித்த சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றை ஒட்டித் துன்புறுத்தல் வர வேண்டும். ஆபத்து பாதிக்கு மேல் நிச்சயம் என்று நிறுவத் தேவையில்லை, தகுந்த சாத்தியம் இருந்தாலே போதும். 97 உயிராபத்து, சித்திரவதை பற்றியது. காரணம் அந்த ஐந்துக்குள் வர வேண்டியதில்லை, ஆனால் ஆபத்து நேரும் வாய்ப்பு நேராத வாய்ப்பைவிடக் கூடுதல் என்று காட்டியாக வேண்டும். நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள ஆபத்து அதில் சேராது. வட்டிக்காரனின் மிரட்டலை மட்டும் சொல்லும் கேஸ்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

படிவத்தின் உயிர் இரண்டாம் கேள்வி. என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள், திரும்பிப் போனால் என்ன நடக்கும், பொலிசிடம் போனீர்களா, நாட்டுக்குள் வேறிடம் போய்ப் பார்த்தீர்களா, வேறு நாட்டில் தங்கினீர்களா என்று துண்டு துண்டாகக் கேட்கும். குறை என்னவென்றால், முழுக் கேஸையும் தாங்கும் அந்த ‘ஏன்’ மற்ற துணைக் கேள்விகளோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடக்கிறது. பலர் நடந்ததை மூன்று பக்கம் எழுதுவார்கள், ஏன் நடந்தது என்பதற்கு ஒரு வரி.

யாழ்ப்பாணத்து மயிலிட்டி மீனவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘தொழில் இல்லை, கடன் கூடிவிட்டது, வந்தேன்’ என்று எழுதினால் அது வறுமை. அதே மனிதர் இராணுவத்திடமிருந்து காணியை விடுவிக்கக் கேட்ட போராட்டத்தில் முன்னால் நின்றவர், அதற்குப் பிறகுதான் கடலுக்குப் போக விடாமல் தடுத்தார்கள், வீட்டுக்கு சிஐடி வந்தது என்றால் தொழில் போனதற்கே அரசியல் காரணம் உண்டு. பொருளாதார நடவடிக்கைக்குப் பின்னால் இன, மத, அரசியல் நோக்கம் இருக்கலாம் என்று ஐநா அகதிகள் முகமையின் 1979ஆம் ஆண்டுக் கையேடே சொல்கிறது. பிழைப்பும் பயமும் ஒரே ஆளிடம் இருப்பதில் தப்பில்லை. பிழைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பயத்தைச் சபையின் விசாரணையான ஹியரிங்கில் முதன்முதலாகச் சொன்னால்தான் ‘இதை ஏன் படிவத்தில் எழுதவில்லை?’ என்று மடக்குவார்கள்.

எல்லையில் அதிகாரி எழுதும் குறிப்பும் ஹியரிங் மேசைக்கு வரும். ‘ஏன் வந்தீர்கள்?’ என்றதற்குக் களைப்பில் ‘வேலை செய்து பிள்ளைகளைப் பார்க்க’ என்று சொன்ன ஒரு வரியும் அதில் இருக்கும். சொன்னது உண்மையென்றால் மறைக்கக் கூடாது, மீதி உண்மையை எழுதி அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். முன்பு கொடுத்த விசா விண்ணப்பத்தில் உள்ள வேலை, திருமண நிலை, முகவரி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறு நாட்டுக் கேள்வியை இலேசாக எடுக்கக் கூடாது. கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்து, நடுவில் லீவில் ஊருக்குப் போய் வந்திருந்தால், பயம் உள்ளவர் ஏன் திரும்பிப் போனார் என்று நிச்சயம் கேட்பார்கள். அம்மாவின் செத்தவீடா, விசா முடிந்ததா, ஊரில் எங்கே ஒளிந்திருந்தார் என்பதெல்லாம் தேதியோடு வேண்டும்.

நாட்டுக்குள் வேறிடம் என்ற கேள்விக்கு இன்றும் காட்டப்படும் இரண்டு முன்னோடித் தீர்ப்புகள், 1991இலும் 1993இலும் இலங்கைத் தமிழர் வழக்குகளில் வந்தவை. குகையிலோ காட்டிலோ ஒளிந்து வாழச் சொல்ல முடியாது என்றது இரண்டாவது தீர்ப்பு. அங்கே சொந்தக்காரர் இல்லை, தகுந்த வேலை கிடைக்காது என்பது மட்டும் போதாது என்றும் அதுவே சொன்னது. ‘கொழும்பில் வாடகை கூட’ என்று எழுதினால் வேலைக்காகாது. தேடுபவர்கள் கொழும்பிலும் எப்படிப் பிடிப்பார்கள் என்று எழுத வேண்டும்.

தமிழில் சொன்னதை ஆங்கிலமாக்கும்போது படிவம் எந்த உதவியும் செய்யாது. ஈழத்தில் ‘ஆவணி’ என்றால் ஆகஸ்ட். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கோ அது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஒரே கைது இரண்டு மாதங்களில் நடந்ததாகிவிடும். ஒன்றுவிட்ட அண்ணாவை ‘அண்ணா’ என்று சொல்ல, அவர் ஆங்கிலத்தில் கூடப்பிறந்தவராகி, குடும்ப விவரத்தில் இல்லாத சகோதரர் ஒருவர் முளைப்பார். ‘பிடிச்சுக்கொண்டு போனவை’ என்பது கைதா, கடத்தலா? சீருடை, வாகனம், கைது ரசீது இருந்ததா என்று கேட்டுத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன நடந்ததென்று சொல்லாத ‘பிரச்சினை’ என்ற சொல்லை அறவே விடுங்கள்.

மொத்தத்தில் 5க்கு 3. கேள்விகள் நியாயமானவை, வரிசை மோசம்.

கொடுத்த பிறகு தப்புத் தெரிந்தால் திருத்தலாம். மாற்றிய பக்கத்தில் மாற்றத்தின் கீழ் கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டு, உறுதிமொழியோடு ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னே சபைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். மற்ற ஆதாரங்களுக்கும் அதே 10 நாள்தான். தமிழ்ப் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். ஒரு பத்திரம் கிடைக்கவில்லையென்றால் அதைப் பெற என்ன முயற்சி செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். பிஓசியின் கடைசியில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட ஓர் இடம் உண்டு. முழுப் படிவத்தையும் அவர் தமிழில் வாசித்துக் காட்டி முடிக்கும்வரை உங்கள் பேனா மூடியே இருக்கட்டும்.