கலைக்கு எது நல்ல வளாகம்: கென்ட் ரிட்ஜா, பிராஸ் பாசாவா?

மேடை ஏற ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்வது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். கென்ட் ரிட்ஜில் உள்ள பல்கலைக்கழகக் கலாசார நிலையத்தின் பெரிய அரங்கில் 1,500க்கும் மேற்பட்டோர் அமரலாம். கூடவே ஒரு சிறிய நாடக அரங்கும் உண்டு. சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை 1990இல் பெற்ற நடனமணி சாந்தா பாஸ்கர், 2022இல் மறையும்வரை பல்லாண்டுகள் இங்குள்ள இந்திய நடனக் குழுவை வழிநடத்தினார். பரதம் கற்ற பிள்ளை பொறியியல் படித்துக்கொண்டே ஆடலாம் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு! விடுதியில் தங்குவோர் இரவு ஒத்திகை முடித்து நடந்தே அறைக்குப் போய்விடலாம்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2005 முதல் பிராஸ் பாசாவில், நகரின் நடுவே இருக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையம் காலடியில். பெரும்பாலோர் வீட்டிலிருந்து வருவதால் ஒத்திகையின்போதே கடைசி ரயிலை யோசிக்க வேண்டும். ஆனால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகமும் அதே கட்டடத்து நாடக அரங்கும் பக்கத்திலேயே. லிட்டில் இந்தியாவுக்கும் நடந்து போகலாம். நிறையப் பார்க்கவும் வாசிக்கவும் விரும்புபவருக்கு இதுவே மேல்.

ஆடப் போகிறவர் மட்டும் கென்ட் ரிட்ஜுக்கே போகட்டும்.