முதல் வருஷத்துக் குழந்தையை அளப்பது எப்படி: டெஸ்டா, கவனிப்பா, கதையா?

மேஜையில் ஐந்து பொத்தான்கள். பள்ளியில் அப்போதுதான் சேர்ந்த குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று தப்பில்லாமல் எண்ணுகிறது. "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. எண்ணத் தெரியும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்த வயதில் இது சர்வசாதாரணம். ஆனால் பள்ளி எந்த முறையில் மதிப்பிடுகிறது என்பதைப் பொறுத்து, இதே குழந்தை ரிப்போர்ட்டில் 'தெரியும்' என்றும் வரலாம், 'தெரியாது' என்றும் வரலாம்.

முதலில் நுழைவுநிலை டெஸ்ட். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். பள்ளியில் சேர்ந்த முதல் ஆறு வாரத்துக்குள், டீச்சர் ஒரு குழந்தையைத் தனியாக உட்கார வைத்து, சுமார் 20 நிமிடம் மொழியிலும் கணக்கிலும் சின்னச் சின்ன வேலை கொடுக்கிறார். எல்லாருக்கும் ஒரே கேள்வி, அதனால் டீச்சரின் விருப்பு வெறுப்பு அதிகம் நுழையாது. அது நிஜமான பலம். ஆனால் புது இடத்தில் வாயே திறக்காத குழந்தைக்கு அதன் மௌனமே தவறான விடையாகிவிடும். வகுப்பில் மூத்ததற்கும் இளையதற்கும் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கும். நாலு வயதில் அது வாழ்நாளில் கால்வாசி. இன்னொன்று, இந்த மார்க் பெற்றோருக்குச் சொல்வதற்கானதே அல்ல. ஏழு வருஷம் கழித்து, தொடக்கப்பள்ளி முடியும்போது அந்தப் பள்ளி மாணவர்களை எவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று கணக்குப் பார்க்க அரசு எடுத்து வைக்கும் எண் அது.

இதற்கு முன் 2015-இல், அங்கீகரித்த மூன்று மதிப்பீடுகளில் ஒன்றைப் பள்ளிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று முழுக்கக் கவனிப்பு சார்ந்தது, மற்றவை வேலை கொடுத்துப் பார்ப்பவை. மூன்று தராசில் நிறுத்ததை ஒப்பிட முடியாது என்று தெரிந்ததும் அடுத்த வருஷமே கைவிட்டார்கள்.

இரண்டாவது, வருஷம் முழுக்கக் கவனித்துக் கடைசியில் முடிவு சொல்வது. இதுவும் இங்கிலாந்தில் இருக்கிறது: ஏழு துறைகள், 17 இலக்குகள். முன்பு மூன்று படிநிலை இருந்தது. 2021-இல் 'எதிர்பார்த்த நிலை', 'இன்னும் வளர்ந்துவரும் நிலை' என்று இரண்டாகக் குறைத்தார்கள். பேச்சு, மற்ற பிள்ளைகளோடு பழகுவது, பென்சில் பிடிப்பது போன்றவற்றை 20 நிமிட டெஸ்டில் பிடிக்கவே முடியாது. அதற்கு இதுதான் சரி. பொத்தான் குழந்தைக்கும் இங்கே நியாயம் கிடைக்கும், ஏனென்றால் வருஷ முடிவில் பெரும்பாலும் அதற்கு மொத்தம் புரிந்திருக்கும். குறை என்னவென்றால், இலக்கைத் தொட ஒரு படி பாக்கியுள்ள குழந்தையும் பத்துப் படி பின்னால் நிற்கும் குழந்தையும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. அதுவும் வருஷம் முடிந்தபிறகு.

கற்றல் கதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் மார்கரெட் கார் முன்பருவக் கல்விக்காக வளர்த்த முறை இது. குழந்தை செய்த ஒரு காரியத்தை டீச்சர் கதையாக, பல சமயம் குழந்தையிடமே பேசுவதுபோல எழுதுவார். பெற்றோருக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும் படிக்கப் பிடிக்கும். ஆனால் நன்றாக எழுதும் டீச்சர் கிடைத்த குழந்தைக்கு நல்ல கதை கிடைக்கிறது. ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கதையே அமைவதில்லை.

நான்காவதுதான் என் தேர்வு: படிக்கும்போதே குறிப்பெடுக்கும் ரன்னிங் ரெக்கார்டு. இதுவும் நியூசிலாந்திலிருந்து வந்ததே. மேரி க்ளே உருவாக்கியது. குழந்தை நூறு சொல் அளவுக்கு உரக்கப் படிக்கும். சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் டீச்சர் ஒரு டிக் போடுவார். தவறினால், குழந்தை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார். நூற்றுக்கு 95-க்கு மேல் சரியென்றால் அந்தப் பக்கம் எளிது, 90-க்குக் கீழ் என்றால் கடினம், நடுவில் இருப்பது சொல்லிக்கொடுக்க ஏற்றது.

எண்ணைவிட அந்தத் தவறுகள்தான் முக்கியம். 'பால்' என்பதை ஒரு குழந்தை 'பல்' என்று படிக்கிறது. துணைக்கால் அதன் கண்ணில் படவில்லை. இன்னொன்று 'மாடு' என்பதைப் 'பசு' என்கிறது. எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொல்கிறது. டெஸ்டில் இரண்டுக்கும் தலா ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். இங்கே நாளைக்கு யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்த முறை மேல் ஒரு நியாயமான விமர்சனமும் உண்டு. படத்தையும் பொருளையும் வைத்து ஊகிப்பதைக் க்ளே நல்ல வாசிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதே அடிப்படை என்று பிந்தைய ஆய்வுகள் அழுத்திச் சொல்கின்றன. ஆகவே குறிப்பை எடுத்துக்கொள்ளலாம், அந்த விளக்கத்தை விட்டுவிடலாம்.

ஊகத்தைத் தடுக்க இங்கிலாந்தில், குழந்தை பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வருஷத்தில், 40 சொல்லை உரக்கப் படிக்கச் சொல்லும் ஒரு சோதனை வைக்கிறார்கள். பாதி, பொருளே இல்லாத சொற்கள். 32 எடுத்தால் போதும். அந்த 32 முன்கூட்டியே தெரிந்திருந்த 2012, 2013-இல் 31 வாங்கியவர்களைவிட 32 வாங்கியவர்கள் இயல்புக்கு மீறி அதிகம். மார்க் போட்ட டீச்சர்களின் கருணையா பயமா, தெரியவில்லை. 2014 முதல் சோதனை முடிந்தபிறகுதான் அந்த எண்ணை அறிவித்தார்கள். மார்க்குக்கு விளைவு என்று ஒன்று ஒட்டிக்கொண்டால், எந்த முறைக்கும் இதே கதிதான்.

ரன்னிங் ரெக்கார்டின் விலை நேரம். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். 30 பேர் வகுப்பில் நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்தால், மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். அது முடியாத காரியமில்லை. அந்த ஐந்து நிமிடமும் மீதி 29 பேரை எதில் உட்கார வைப்பது என்பதுதான் டீச்சருக்கு நிஜமான தலைவலி.