.315 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஃபாக்டரி தோட்டா என்று ரீஃபில் தோட்டாவை விற்கிறார்கள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் .315 ரைபிளுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், கடைசியாக வாங்கிய தோட்டாப் பெட்டியை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே சுட்ட காலி கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஏதோ ஒரு வெடிமருந்துப் பவுடரைப் போட்டு, அடியில் புது கேப் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் குப்பி) அடித்து, புல்லட்டை (முனையில் இருந்து பாய்கிற குண்டு) அழுத்தி, ஃபாக்டரி சரக்கு என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். ஒளிந்து மறைந்து விற்கிற ஆள் இல்லை. போர்டு மாட்டிய கடை, லைசென்ஸ் புத்தகத்தில் என்ட்ரி போட்டு, சீல் குத்தி, பில்லும் கொடுத்தார்கள். மனு கொடுத்து விசாரணை நடப்பதால் கடை பெயரையும் ஊரையும் எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபப்படாதீர்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்து திரும்ப வாங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தோட்டா தேடி அலைவார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மாதிரி சரக்கை உள்ளே விடுகிறார்கள் என்பது என் கணிப்பு. "ஃபாக்டரி ஸ்டாக் வர லேட் ஆகுது சார், உங்களுக்காகக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. குறைத்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும்.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் தோட்டா போட்டேன். சத்தமே வேறு மாதிரி இருந்தது, வழக்கமாக வரும் கனத்த சத்தம் இல்லாமல் சுரீரென்று காதில் அறைந்தது, தோளில் வந்த உதையும் அப்படித்தான். அப்புறம் போல்ட் (தோட்டா போகும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற பூட்டுத்தண்டு) தூக்க வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. ரேஞ்சில் துப்பாக்கிகளைப் பராமரிக்கிற ஆர்மரர், ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், "தம்பி, கையை எடு, பின்னாடி நிக்காத" என்று என்னை ஒதுக்கிவிட்டு மரச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் திறந்தார். வெளியே வந்த கேஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கேப் அப்படியே நசுங்கித் தட்டையாகி அதன் விளிம்பு பள்ளம் முழுக்கப் பரவியிருந்தது, பின்பக்கம் பித்தளையில் பளபளவென்று ஒரு தேய்ப்பு, கழுத்தில் நீளவாக்கில் ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரி. உள்ளே அழுத்தம் எல்லை மீறிப் போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொரு தோட்டாவை அன்று யாரும் தொடவில்லை.

அவரே எனக்கு முன்னால் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைப் பிரித்துக் காட்டினார். (இதை வீட்டில் பிளையர் வைத்து யாரும் செய்ய வேண்டாம், தொழில் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய வேலை.) வெள்ளைத் தாளில் கொட்டியதும் சாம்பல் நிறத்தில் மெல்லிசான வட்டத் தகடுகள், கேஸில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தன. என்னிடம் மிச்சமிருந்த பழைய பெட்டித் தோட்டா ஒன்றைப் பக்கத்திலேயே பிரித்தார், அதில் சின்னச் சின்னக் குச்சிகளாக, நடுவில் ஓட்டை போட்ட துண்டுகள், கேஸ் நிறையக் கிடந்தன. "இது பன்னெண்டு போர் மருந்து மாதிரி இருக்கு" என்றார், அதாவது ரவை சுடுகிற ஷாட்கன்னுக்கு உரிய மருந்து. உறுதியாகச் சொல்ல லேபில்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார், ஆனால் ரைபிளுக்கு உரியது இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. புகையில்லாப் பவுடர் என்பது ஒரே ஒரு பொருள் கிடையாது. அடிப்படை எல்லாவற்றுக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான், சிலதில் கூடவே நைட்ரோகிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஆனால் எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்பதைத் துண்டின் வடிவம், அளவு, மேல் பூச்சு வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள். ரவை போடும் பன்னெண்டு போருக்கும் பிஸ்டலுக்கும் வைக்கோல் மாதிரி பொசுக்கென்று எரிவது வேண்டும். ரைபிளில் கனமான புல்லட், குறுகலான நீளக் குழாய், அதற்குப் புளிய விறகு மாதிரி நின்று எரிந்து புல்லட்டைத் தள்ளிக்கொண்டே போகிற மருந்து வேண்டும். வேக மருந்தை ரைபிள் கேஸில் போட்டால் புல்லட் நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும், அந்த அழுத்தம் வெளியேற வழி தேடும்போது போல்ட்டுக்குப் பின்னால் இருப்பது உங்கள் முகம். இன்னொன்று, வேக மருந்து கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால் கேஸில் நிறைய காலி இடம் இருக்கும், தவறுதலாக இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வழியாது, போட்டவனுக்கும் தெரியாது.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டதற்கு வந்த பதிலைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில், "எல்லாம் ஒரே பவுடர்தான் சார், புகை வராத மருந்துன்னா ஒண்ணுதான்." நான் கேஸைக் காட்டியதும், "இது அருவங்காட்டு மருந்து சார், கவர்ன்மென்ட் சரக்கு." நீலகிரியில் இருக்கிற அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிற இடம், துப்பாக்கியிலிருந்து பீரங்கி வரை வகை வகையாக அங்கே மருந்து செய்கிறார்கள், ஊர் பெயரைச் சொல்லிவிட்டால் எந்த வகை மருந்து என்று தெரிந்துவிடுமா? வெளிநாட்டுச் சரக்கிலேயே ஐஎம்ஆர் 4831 என்றும் எச் 4831 என்றும் ஒரே எண்ணில் இரண்டு பவுடர் இருக்கிறது, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது என்று அங்கே காலி கேஸில் திரும்ப மருந்து நிரப்பி ரீலோட் செய்பவர்கள் தலைபாடாகச் சொல்கிறார்கள். அங்கெல்லாம் பவுடர் கம்பெனியே புத்தகம் போட்டு, இந்த கேஸுக்கு, இந்த எடைப் புல்லட்டுக்கு, இந்தப் பவுடர் இவ்வளவு என்று அட்டவணை கொடுக்கிறது, அதிலும் உச்ச அளவிலிருந்து குறைத்துத்தான் ஆரம்பிக்கச் சொல்கிறது. இங்கே பேர் தெரியாத டப்பாவிலிருந்து கண்ணளவில் போடுகிறார்கள்.

கடைசியாகச் சொன்ன சாக்குதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது. "பழைய மருந்து சார், பழசானா பவர் குறையத்தான் செய்யும், எப்படி ஏறும்?" அய்யா, நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்ல மெல்லச் சிதைகிற பொருள். அதைத் தாமதப்படுத்தத்தான் டைஃபினைலமைன் மாதிரி ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள், அது தீர்ந்துபோனால் அமில ஆவி வரும், சூடு ஏறும், அடைத்து வைத்த இடத்தில் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும். உலகத்தின் முதல் உருப்படியான புகையில்லாப் பவுடர் பிரெஞ்சுக்காரர் பால் வியேய் 1884-ல் செய்த பூத்ர் பே, அன்றைக்குப் புதுச்சேரியை ஆண்டவர்களின் சரக்கு. அந்த மருந்து சிதைந்ததால்தான் துலோன் துறைமுகத்தில் 1907-ல் ஈயெனா, 1911-ல் லிபெர்த்தே என்று அவர்களின் இரண்டு போர்க்கப்பல்கள் நின்ற இடத்திலேயே வெடித்தன. கத்திரி வெயிலில் தகர ஷெட்டில் பவுடர் டப்பாவை வைக்கிற நம் ஊர் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டப்பாவைத் திறந்தால் புளித்த காரமான நெடி, உள்ளே செம்பழுப்புத் தூசி என்றால் அது கெட்ட மருந்து. நல்ல பவுடரில் லேசான ஸ்பிரிட் அல்லது ஈதர் வாசனைதான் வரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "என்ட்ரி போட்டாச்சு சார், தோட்டாவைத் திருப்பி எடுக்க ரூல் இல்லை" என்று கையை விரித்துவிட்டார். விற்கும்போது நினைவுக்கு வராத ரூல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி உடைக்காததாக இருக்க வேண்டும், லாட் எண்ணும் தயாரித்த வருஷமும் பெட்டியில் இருக்கும், கேஸ் அடியில் குத்தியிருக்கும் வருஷம் எல்லாத் தோட்டாவிலும் ஒத்துப்போக வேண்டும். என் பெட்டியில் பல வருஷம் கலந்து கிடந்தது. கேப்பைச் சுற்றிக் கீறல், நெம்பிய தடம், கேஸின் அடி விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கேஸை வெளியே இழுக்கிற கொக்கி) கடித்த பல் அடையாளம், இதெல்லாம் ஏற்கெனவே சுட்ட கேஸ் என்பதற்கு அத்தாட்சி. காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்று ஒரேயடியாக ஓடினால் விட்டுவிடுங்கள், ஃபாக்டரி தோட்டாவிலும் லேசாகச் சத்தம் வரலாம், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பவுன் கடைத் தராசில் நாலைந்தை நிறுத்தால் எடை தாறுமாறாக வருகிறதா என்றும் தெரிந்துவிடும், என்னுடையவை ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

"காலி கேஸ் கொடுங்க, நான் ஃபாரின் பவுடர் போட்டுத் தர்றேன், பாதி விலை" என்று ஆட்கள் சுற்றுவதாகவும் கேள்வி. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 25-வது பிரிவில் வருகிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம், போனால் ஆயுள். அவனுக்கு மட்டும்தானே என்று இருக்காதீர்கள், காலி கேஸைக் கொடுத்து அனுப்பியவர் யார் என்று போலீஸ் கேட்கும்.

இப்போதைய நிலவரம்: மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன், மிச்சத் தோட்டாக்களையும் அந்த வெடித்த கேஸையும் படம் எடுத்து, பில் நகலோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். இதே மாதிரி பெட்டி உங்களிடம் இருந்தால் சுட்டுத் தீர்க்கவும் வேண்டாம், பயந்துபோய் கெடிலத்தில் வீசவும் வேண்டாம், வீசினால் லைசென்ஸ் கணக்கில் இடிக்கும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள், கையெழுத்தும் சீலும் இல்லாமல் வெளியே வராதீர்கள். ரைபிளை லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் கொடுத்திருக்கிறேன், போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கிற லக்கில் விரிசல் இல்லை, ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரியாக இருக்கிறது என்று அவர் எழுதித் தருகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.