பச்சோந்தி மண் தின்கிறது: கூண்டில் மண்ணே வேண்டாமா, நல்ல மண்ணாகப் போடலாமா?

எங்கள் பச்சோந்தி மீனு மண் தின்பதை முதலில் பார்த்தது என் மகள்தான். "அப்பா, இது தொட்டிக்குள்ள தலையை விட்டு நக்குது" என்றாள். போய்ப் பார்த்தால், கூண்டின் உச்சியில் விளக்குக்குக் கீழே இருக்க வேண்டியவள், மணிபிளான்ட் கொடியில் வாலைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தொட்டி மண்ணை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பூச்சி பிடிக்கும்போது பாய்கிற நாக்கு இல்லை இது. சாவகாசமாக, கொஞ்சமே வெளியே வந்த நாக்கு. மூன்று வாய் தின்றுவிட்டு ஒரு கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினாள். அப்புறம் நான்காவது வாய்.

மறுநாள் எச்சத்தை டிஷ்யூ தாளில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். கறுப்பு மண், நடுவில் கடுகளவு வெள்ளை உருண்டைகள் ஐந்து. பெர்லைட், செடி மண்ணைப் பொலபொலப்பாக்கக் கலப்பது. கடையில் வாங்கிய செடியின் மண்ணை மாற்றாமல் அப்படியே கூண்டுக்குள் வைத்தது என் சோம்பேறித்தனம்.

மீனு, கடைகளில் வெயில்டு என்று விற்கும் ஏமன் பச்சோந்தி. ஏமனும் சவூதியின் தென்மேற்கு ஓரமும் இந்த இனத்தின் பூர்வீகம். பூச்சியோடு இலையையும் கடித்துத் தின்னும். நான் இருப்பது டொராண்டோவில். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றைச் சுக்காக உலர்த்திவிடும். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் வேலிகளில் திரியும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைப் பிடித்து வளர்க்கக் கூடாது. இங்கே பேசுவது கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றி.

எந்த வழி நல்லது என்று பார்க்கும் முன், தற்செயலாக வாய்க்குள் போகும் மண்ணையும் வேண்டுமென்றே தின்னும் மண்ணையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பச்சோந்தியின் நாக்கு நுனியில் சுரக்கும் கோழை, மனித எச்சிலைப் போல ஏறக்குறைய 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் அளந்திருக்கிறார்கள். தரையில் ஓடும் பூச்சி மேல் அந்த நாக்கு விழுந்தால் பூச்சியோடு தூசி, துரும்பு, மரச்சீவல் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகும். இதற்கு வைத்தியம் சுலபம்: தீனியைத் தரையில் விடாமல், உயரத்தில் மாட்டிய கிண்ணத்தில் வையுங்கள். மீனு செய்தது இந்த வகை இல்லை. அவள் இறங்கி வந்து, இடம் பார்த்து, தின்றாள்.

ஏன் தின்கின்றன? எல்லோரும் முதலில் சொல்வது கால்சியம் குறைவு. அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தினால் தவறு. பெரு நாட்டு ஆற்றங்கரைகளில் மக்கா கிளிகள் கூட்டம் கூட்டமாகக் களிமண் தின்பதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது சோடியம். மனிதர்களில் மண் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதை மருத்துவர்கள் அறிவார்கள். மசக்கைக்காரி மண் தின்பது நமக்குப் புதிதா என்ன? வயாவுற்ற மகளிர் மண் உண்டது சங்கப் பாட்டிலேயே வருகிறது. பச்சோந்தியிலும் முட்டை சுமக்கும் பெட்டைதான் அடிக்கடி மண்ணைத் தேடி இறங்குகிறது.

உடம்பின் குறையைத் தன் நடத்தையால் சரிக்கட்டும் திறமை இந்தப் பிராணிக்கு உண்டு. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை 2009இல் வெளிவந்தது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும்; புற ஊதாக் கதிர் பட்டால் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். தீனியில் டி3 குறைவாகக் கிடைத்தவை அந்தக் கதிரைத் தேடிப் போய் அதிகம் காய்ந்தன. நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. மண் விஷயத்திலும் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மண்ணே இல்லாத வெறும் தளம்தான் பழைய, பத்திரமான வழி. வலைக்கூண்டு, அடியில் பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் டிஷ்யூ தாள். எச்சத்தைத் தினமும் பார்க்கலாம், யூரேட், அதாவது சிறுநீருக்குப் பதில் எச்சத்தோடு வரும் கட்டி, வெள்ளையாக இருக்கிறதா, ஆரஞ்சாகி நீர்ச்சத்துக் குறைவைக் காட்டுகிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். புதிதாக வாங்கி வந்த பச்சோந்திக்கு, எச்சப் பரிசோதனையில் குடல் ஒட்டுண்ணி எதுவும் இல்லை என்று தெரியும்வரை, இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். மண் இருந்தால் ஒட்டுண்ணி முட்டை அதில் தங்கி, மருந்து கொடுத்த பிறகும் திரும்பத் தொற்றும். சின்னக் குஞ்சுகளுக்கும் நோயாளிகளுக்கும் இதே விதிதான்.

ஆனால் வளர்ந்த, ஆரோக்கியமான பெட்டையை ஆயுள் முழுக்க வெறும் தளத்தில் வைத்தால் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. ஏமன் பச்சோந்திப் பெட்டை ஆணையே பார்க்காமலும் முட்டை போடும். ஒரு ஈட்டுக்குப் பல பத்து முட்டைகள். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு செத்தும் போகலாம். மண் தின்றுவிடுமே என்று பயந்து முட்டைத் தொட்டியையும் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குவது இது. ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலோ மண்ணோ, தோண்டிய குழி இடிந்து விழாத பதத்தில், கூண்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தொட்டி மண்ணைக் கூழாங்கல்லால் மூடுவது. ஆண் பச்சோந்தி வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும். கல் அதன் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; சிறுகல் போட்டால் மண்ணுக்குப் பதில் கல்லை விழுங்கும், அது இன்னும் மோசம். இடுக்கில், தீனியாகப் போடும் சுவர்க்கோழிகள் ஒளிந்துகொண்டு ராத்திரியில் கத்துவது இலவச இணைப்பு.

மூன்றாவது, தின்னட்டும் என்று விட்டு, தின்னத் தகுந்த மண்ணாகப் போடுவது. அடியில் வடிகாலுக்குக் களிமண் உருண்டைகள், மேலே ஒரு வலை, அதன் மேல் உரம் கலக்காத தோட்ட மண்ணும் கொஞ்சம் மணலும் தென்னை நார்க்கழிவும். கட்டியாக அழுத்தி இங்கே விற்கும் அந்த நார்க்கழிவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், பாதி நேரம் இந்தியா அல்லது இலங்கை என்றுதான் போட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த இலைச்சருகு. மண்ணுக்குள் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் போன்ற சிற்றுயிர்கள் எச்சத்தைத் தின்று மட்கச் செய்யும். எல்லாம் பொருந்தி வர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை பூஞ்சை வரும், சின்ன ஈ வரும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

கூடாத பொருட்கள்: பெர்லைட், வெர்மிகுலைட், நிறநிறமான உர உருண்டைகள், பூச்சிமருந்து கலந்த கலவை, மரச்சீவல், பொடித்த வால்நட் ஓடு. கால்சியம் மணல் என்று ஒன்று விற்கிறார்கள். தின்றாலும் கரைந்துவிடும் என்று சொல்லி விற்பதாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம்.

இந்த வழியை எதிர்ப்பவர்களின் பயம் குடல் அடைப்பு. பயம் பொய்யில்லை. ஆனால் நுண்ணிய மண், போதிய தண்ணீர் குடித்து, சரியான சூட்டில் காயும் பச்சோந்தியின் குடலில் பொதுவாகத் தங்குவதில்லை. தண்ணீர் குறைந்து, கூண்டு குளிர்ந்து, செரிமானம் மந்தமாகும்போதுதான் அதே மண் உள்ளே இறுகுகிறது. டொராண்டோ ஹீட்டரைப் பற்றிச் சொன்னேனே, அதற்குத்தான். ஜனவரியில் என் வீட்டில் முதலில் கூட்டுவது தண்ணீர்த் தூவலின் நேரத்தை. மண்ணைப் பற்றி அதற்கு அப்புறம்தான் யோசிப்பேன்.

நான்காவது, மண்ணைத் தொடாமல் தீனியைச் சரிசெய்வது. இதை மற்றவற்றுக்குப் போட்டியாக நினைக்க வேண்டாம். எந்த வழியில் போனாலும் செய்தாக வேண்டியது. சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு வேளையும் டி3 இல்லாத கால்சியப் பொடி லேசாகத் தூவ வேண்டும். டி3 கலந்ததும் மல்டிவைட்டமினும் பொதுவாக மாதத்துக்கு இரண்டு முறை. பூச்சிகளுக்கே முதலில் கீரையும் கேரட்டும் போட்டுக் கொழுக்க வைக்க வேண்டும். நடுநடுவே கால்சியம் நிறைந்த பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. புற ஊதா விளக்கைப் பாருங்கள்: நாளான விளக்கில் வெளிச்சம் இருக்கும், ஆனால் கதிர் தேய்ந்திருக்கும். இடையில் கண்ணாடி இருந்தால் தேவையான கதிர் வந்தே சேராது. அந்தக் கதிர் இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தும் உடம்பில் சரியாக ஒட்டாது. மண் தின்றாலும் ஒட்டாது. மண் தின்கிறதே என்று பதறி வைட்டமின் பொடியை அள்ளிக் கொட்டவும் கூடாது. கூட்டிக் கொடுத்தால் கழுத்தைச் சுற்றி நீர் கோத்து, காலர் மாட்டியதுபோல் வீங்கலாம்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, நான்காவதோடு சேர்த்து. பழக்கத்தைத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணை மறைத்தால் தேவை போகாது, தேவை இருக்கிறது என்று தெரிவது மட்டும் நின்றுபோகும். எப்போதாவது இரண்டு வாய் என்றால் விட்டுவிடுவேன். இதுவரை தொடாதது திடீரென்று தினமும் தின்ன ஆரம்பித்தாலோ, எச்சம் ஒரு வாரமாக வராமல் வயிறு உப்பினாலோ, கைகால் வளைந்தோ நடுங்கியோ தெரிந்தாலோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் அன்றே போவேன். எக்ஸ்ரே ஒன்றில் மண், முட்டை, எலும்பு மூன்றும் தெரிந்துவிடும்.

மீனுவின் எக்ஸ்ரேயில் தெரிந்தது முட்டை. குடலில் இருந்த பெர்லைட் தானாகவே வெளியேறியது. தண்ணீரைக் கூட்டியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. தொட்டியைக் கவிழ்த்து, வேரைத் தண்ணீரில் அலசி, புது மண்ணில் நட்டேன். அடுத்த வாரம் அவள் இறங்கி, முட்டைத் தொட்டியின் மூலையில் தோண்ட ஆரம்பித்தாள். கூண்டைத் துணி போட்டு மூடினோம். எட்டிப் பார்த்தால் பாதியில் விட்டுவிடும் என்பதால் மகளுக்கும் தடை. மறுநாள் சாயங்காலம் மேலே ஏறி வந்தபோது வயிறு ஒட்டிப்போயிருந்தது, மூக்கு முழுக்க மண்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தொட்டிக்கு இறங்கி வருவாள். நான்கு வாய், சில நாள் ஐந்து.