பெயர்ச்சீட்டு இல்லாத சூரணம்: வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோர் கவனத்திற்கு

மூன்று வயதாகியும் பேச்சு வராத எங்கள் மகனை ஆயுர்வேத மருந்தால் ஆறு மாதத்தில் பேசவைப்பதாக உறுதியளித்த தனியார் சிகிச்சை மையம் ஒன்று, முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரசீதைப் பிறகு தருவதாகச் சொன்னது. வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு மட்டுமே சேர்ந்தது என்று வாய்மொழியாகக் கூறித் தாளில் மடித்துக் கொடுத்த பொடியில் பச்சைச் சாயலே இல்லை. அது காவி நிறத்தில் இருந்தது. அதைவிட மோசமானது, பேச்சுப் பயிற்சி மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்று சொல்லி அதை நிறுத்தவைத்ததுதான்.

சில வாரங்களில் குழந்தைக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வந்தன, உணவும் குறைந்தது. உடலின் கழிவு வெளியேறுகிறது என்று மையத்தில் விளக்கம் தந்தார்கள். குழந்தைகள் நல மருத்துவரோ பொடியைப் பார்த்தவுடன் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கச் சொன்னார். நடவடிக்கை தேவை என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் அளவான, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை அது தாண்டியிருந்தது. ஈயம் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அதற்குக் கண்டறியப்படவில்லை.

உலோகங்களும் கனிமங்களும் கொண்டு செய்யப்படும் ஆயுர்வேத ரச மருந்துகளில் பாதரசமும் ஈயமும் தெரிந்தே சேர்க்கப்படுவதுண்டு. ஆயுர்வேதத்தில் நாக பஸ்பம் என்னும் பொடி ஈயத்திலிருந்தே செய்யப்படுகிறது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. முறையாகப் பதிவுபெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் எங்கள் பொடியைக் காட்டியபோது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் குழந்தைக்குத் தரக்கூடாது என்று அவரும் கண்டிப்பாகச் சொன்னார்.

விற்பனைக்கு வரும் ஆயுர்வேத மருந்தின் மேல் உட்பொருள்கள், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரிப்பாளரின் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டவிதி. இவை இல்லாத பொட்டலத்தை, யார் பரிந்துரைத்திருந்தாலும், வாங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வளர்ச்சித் தாமதத்திற்கான மதிப்பீடும் பயிற்சியும், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் மகனுக்கு இப்போது பேச்சுப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. மீதமிருந்த பொடியுடன் மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் அளித்திருக்கிறோம். ரசீது இன்றுவரை வரவில்லை.