121 கொரொல்லாவுக்கு முன் ஷொக் மாற்றி 32,000 கிலோமீற்றர்

முதல் முறைப்பாடு நயினாதீவுக்குப் போய்த் திரும்பும்போது வந்தது. குறிகட்டுவானில் இறங்கிக் காரில் ஏறி, புங்குடுதீவைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டிலிருந்து மாமி, "தம்பி, வள்ளத்தால இறங்கியாச்சோ, இன்னும் அதுக்குள்ளதான் இருக்கிறமோ?" என்றார். றோட்டில் பழியைப் போட்டுத் தப்பிக்கொண்டேன்.

என்னுடையது ரொயோட்டா கொரொல்லா 121. அப்போது 1,48,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. 80,000 தாண்டினாலே, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷொக்கை ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. பற்றரி என்றால் ஒரு காலையில் படுத்துவிடும், தெரிந்துவிடும். ஷொக் அப்படியல்ல. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், ஓட்டுகிறவனும் அதற்குப் பழகிப்போவான். தினமும் ஓட்டுகிற எனக்குத் தெரியாதது இடைக்கிடை ஏறுகிற மாமிக்குத் தெரிந்தது.

பிறகு ரயரில் சத்தம். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தது. பிரேக் பிடித்தால் காரின் முன்பக்கம் குனிந்து மூக்குக் குத்துவதும் அப்போதுதான் உறைத்தது. புது ரயர் விலை கேட்கப் போன என்னை மெக்கானிக் மறித்தார்: "அண்ணை, புதுசு போட்டாலும் கொஞ்ச நாளில இதே கோலம்தான். முதல்ல ஷொக்கைப் பாருங்கோ."

பொனற்றை அமத்திவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். என் கார் அதில் பாஸ். கையால் மெதுவாக அமத்துவதும் 60இல் போய்ப் பள்ளத்தில் விழுவதும் ஒன்றல்ல. முழுக்கச் செத்ததைத்தான் அந்தச் சோதனை காட்டும். சில்லைக் கழற்றி ஷொக்கின் உடம்பைப் பார்ப்பதுதான் நல்லது. மேலே இலேசாக ஒயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. என் வலது பக்கம் ஒயில் வழிந்து கீழ்வரை ஈரமாக இருந்தது.

இங்கேதான் கஞ்சத்தனம் உள்ளே வந்தது. இடது பக்கம் காய்ந்துதானே இருக்கிறது என்று, வலதுக்கு மட்டும் ஜப்பானில் கழற்றிவந்த பழசு ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு பக்கம் இறுக்கம், மறு பக்கம் தொளதொளப்பு. பண்ணைப் பாலத்தில் சின்னப் பள்ளத்தில் பிரேக் பிடித்தாலே கார் ஒரு பக்கம் நெளியும். ஏழாம் மாதம் அந்தப் பழசும் ஒயில் விட்டது.

இரண்டாம் முறை கேவைபி கொம்பனியின் எக்செல்-ஜி ஷொக், புதுசு, சோடியாக. ஆனால் ஷொக்கின் மேல் நுனியைக் கார் உடம்போடு பிடிக்கிற மேல் மவுண்டுகளை மாற்றவில்லை. "பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றது நான்தான். இந்தக் காரில் ஸ்ரியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து முழு ஸ்ரட்டும் (முன் ஷொக்கை அப்படித்தான் சொல்வார்கள்) திரும்பும். அந்தத் திருப்பத்தைத் தாங்குவது மவுண்டோடு இருக்கிற பெயாரிங். மூன்று மாதத்தில், நின்ற இடத்தில் ஸ்ரியரிங்கை ஒடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பக் கழற்றினோம். திரும்பக் கூலி, திரும்ப வீல் எலைன்மென்ட். மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்ரொப், தூசி றப்பர் எல்லாம் அன்றே வாங்கியிருந்தால் அந்தக் கூலிக்குள் அடங்கியிருக்கும்.

வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்ட் வைத்து, சில்லு, பிரேக் ஹோஸ் கிளிப், லிங்க் ரொட், கீழே இரண்டு பெரிய போல்ட், மேலே மூன்று நட் என்று மெக்கானிக் கழற்றினார். கடற்பாலம் வழியே போய்வருகிற வாகனமாதலால் உப்பு பிடித்து லிங்க் ரொட் நட் அசையவில்லை, வெட்டித்தான் எடுத்தார். சில்லுப் பக்கம் பிரேக் ஹோஸில் தொங்கிவிடாமல் கம்பியால் கட்டினார். உதவிக்கு நின்ற பெடியன் அந்த மூன்றுக்கும் நடுவே, ஷொக் தண்டின் நுனியில் இருக்கிற நட்டில் சாவியை வைத்ததும், "டேய், கையை எடு!" என்று கத்தினார். ஸ்பிரிங்கைக் கம்பிரசரால் நெருக்காமல் அந்த நட்டைத் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே முடித்துவிடும். அந்தச் சாமான் இல்லாதவர் வீட்டில் முயல வேண்டாம். புது ஷொக்கின் பளபளத்த தண்டைக் குறட்டால் பிடிக்கவும் விடவில்லை. ஒரு கீறல் விழுந்தால் போதும், சீல் அறுந்து ஒயில் வரும்.

கழற்றிய இடது பக்க ஷொக்கைக் கையால் அமத்திப் பார்த்தேன். ஒயில் ஒரு சொட்டும் வழியாததுதான், ஆனாலும் வழவழவென்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. புதுசை இரண்டு கையாலும் பாரம் போட்டு அமத்த வேண்டியிருந்தது. விட்டதும் காஸ் அழுத்தத்தில் தானாக மெல்ல மேலே வந்தது.

புதுசு போட்டும் இரைச்சல் நிற்கவில்லை என்று முதல் வாரம் குழம்பினேன். அது அலையாகத் தேய்ந்த பழைய ரயரின் சத்தம். ஷொக் மாற்றினாலும் தேய்ந்த றப்பர் திரும்ப வளராது. ரயரும் மாற்றிய பிறகுதான் அடங்கியது.

இப்போது 32,000 ஓடியாயிற்று. ஒயில் இல்லை, முன் ரயர் சீராகத் தேய்கிறது, பிரேக்கில் மூக்குக் குத்துவதில்லை. குறை என்றால், முதல் சில ஆயிரம் கிலோமீற்றர் சின்னக் கல்லுக்கும் விறைப்பாகத் தெரிந்தது. உள்ளூர் ஒழுங்கைகளில் இப்போதும் கொஞ்சம் அப்படித்தான்.

மாமி இன்னும் சமாதானமாகவில்லை. அவர் இருப்பது பின் சீட்டில், பின் ஷொக் இரண்டும் பழசு. அடுத்த நயினாதீவுப் பயணத்துக்கு முன் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன்.